நெஞ்சு உயரத்தில்

ஐஸ் பெட்டிக்குள் கிடந்த மனைவி ரோஸ்லினின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜெபராஜ் நிமிரவில்லை. வந்தது யாரென்று அவருக்குத் தெரியும். போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டிவிட்டுக் கண்ணாடி மூடியைச் சாத்தினார்.

"அப்பா, சுரேஷ் சார் வந்திருக்காக" என்றாள் மகள் ஜெசிந்தா.

"வரட்டும்."

சுரேஷ்கண்ணன் செருப்போடு பந்தலுக்குள் ஓடிவந்தான். பாதியில் நினைவு வந்து, திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தான். முப்பத்தாறு வயது. அல்லிநகரத்துக்காரன். காடுகள் காற்றிலிருந்து எவ்வளவு கார்பனை இழுத்து மரங்களுக்குள் வைத்துக்கொள்கின்றன என்று, செயற்கைக்கோள் அனுப்பும் படங்களை வைத்துக் கணக்கிடுகிறவன். ரோஸ்லின் பதினோரு வருடம் அவனிடம் வேலை பார்த்தாள்.

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கை வைத்து, "அக்கா" என்றான். அடுத்த நொடி உடைந்து அழுதான். ஓய்ந்திருந்த பெண்கள் அவனைப் பார்த்து மறுபடி அழ ஆரம்பித்தார்கள்.

ஜெபராஜுக்கு நேற்றிலிருந்து அழுகை வரவில்லை. இதிலும் இவன் முந்திக்கொண்டான் என்று நினைத்தார்.

ரோஸ்லின் முதலில் கூலிக்குத்தான் போனாள். காட்டுக்குள் சாமான் தூக்க நான்கு பெண்கள் வேண்டும் என்று கேட்டார்கள். மாதம் ஆறு நாள் மலையில் தங்கல். மற்ற மூவரும் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டார்கள். ரோஸ்லின் நிற்கவில்லை. மரத்தைச் சுற்றி அளவு நாடா பிடிக்கக் கற்றுக்கொண்டாள், அளவைக் குறித்து எழுதக் கற்றுக்கொண்டாள். அவர்கள் அளக்கும் நானூற்றுப் பன்னிரண்டு மரங்களுக்கும் எண் உண்டு. எந்த எண் எந்த மரம், போன வருடம் எவ்வளவு பருத்தது என்று நோட்டைப் பார்க்காமல் சொல்வாள். தங்கள் தோட்டத்தில் எத்தனை திராட்சைக் கொடி என்று கேட்டால் மட்டும், "நூறு இருக்குமா?" என்பாள்.

சோறு போடும்போதும் அதே பேச்சுத்தான்.

"மேலருந்து பாத்தா எல்லாம் ஒரே பச்சையாத்தான் தெரியுமாம்ங்க. காடு அடர்த்தியாகிட்டா அதுக்கு மேல செயற்கைக்கோளுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாதாம். சார் சொன்னாக. அடிமரம் எம்புட்டுப் பெருத்திருக்குன்னு நாங்க அளந்து குடுத்தாத்தான் அவுக கணக்கு நிக்குமாம்."

"சார் சொன்னாக, சார் சொன்னாக. சாருக்குப் பொண்டாட்டி கெடையாதா?"

"இருக்காக. எதுக்கு?"

அவள் உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். அதுதான் அவரை இன்னும் எரித்தது. தப்பாக ஏதாவது இருந்தால் கேட்டிருக்கலாம், அடித்திருக்கலாம். ஒன்றும் இல்லாததை என்ன செய்வது?

ஐந்து வருடம் முன்பு, சொல்லாமல் கொள்ளாமல் எஸ்டேட் ஜீப்பில் ஏறி மலைக்குப் போனார். ஒரு வனத்துறை வாட்சர் வழி காட்டினார். மழைச் சாரல். ரோஸ்லின் ஒரு பெரிய நாங்கு மரத்தை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தாள். கன்னம் பட்டையில் அழுந்தியிருந்தது. நாடா நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி ஓடியது. "இருநூத்தி ஏழு! நூத்தி எண்பத்தி நாலு புள்ளி ரெண்டு!" என்று உரக்கச் சொன்னாள். சற்றுத் தள்ளி நின்ற சுரேஷ்கண்ணன் அதையே திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டான். அவள் சத்தமாகச் சிரித்தாள். அந்தக் குரலை வீட்டில் அவர் கேட்டதே இல்லை. வேறொரு மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு, அவளைக் கூப்பிடாமலே இறங்கிவிட்டார்.

வியாழக்கிழமை நெஞ்சு வலிக்கிறது என்றாள். கம்பம் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயம் ரொம்பவும் பலவீனமாக இருக்கிறது, எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஜெபராஜ் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொன்னார். சுரேஷ்கண்ணனுக்குச் சொல்லவில்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அவள் தலைமாட்டில் இருந்த போன் அதிர்ந்தது. திரையில் அவன் பெயர். எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதிர்ந்தது. மத்தியானத்துக்குள் எத்தனை முறை என்று தெரியவில்லை. அறை முழுக்க மருந்து வாடை. அவர் நெஞ்சுக்கு மேலே அந்தப் போன் துடித்துத் துடித்து அடங்கியது.

மூன்று மணிவாக்கில் ரோஸ்லின் கண் திறந்தாள்.

"என்னங்க, போன் ஏதும் வந்துச்சா?"

"யாரு கூப்பிடப்போறா?"

"சார் ஒரு தகவல் சொல்றேன்னாக."

"கூப்பிடல."

கட்டிலின் மறுபக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.

"சரி, நாளைக்குக் கூப்பிடுவாக" என்று ரோஸ்லின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாலரைக்கெல்லாம் முடிந்துவிட்டது.

மாதா கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி முடித்தார். பெட்டி இறங்கியது. ஜெபராஜ் முதல் பிடி மண்ணைப் போட்டார். பிறகு ஜெசிந்தா. சொந்தங்கள் எல்லாரும் போட்ட பின் சுரேஷ்கண்ணன் வந்தான். எல்லாரும் ஒரு பிடி போட்டு விலகினார்கள். அவன் குனிந்து இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளிப் போட்டான். குழி வெட்டியவர்தான் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

கூட்டம் கலைந்தது. அவன் ஜெபராஜின் பக்கத்தில் வந்து நின்றான்.

"எனக்கு ஆஸ்பத்திரில இருக்காங்கன்னே தெரியாதுண்ணே. நேத்து ஒம்போது தடவ கூப்பிட்டேன்."

ஜெபராஜ் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"எங்க ஆராய்ச்சிக் கட்டுரைய வெளியிடுறதுக்கு ஏத்துக்கிட்டாங்கண்ணே. மேகமலைக் காட்டுக்குச் செயற்கைக்கோள் சொன்ன கணக்கு நெசத்தவிடக் குறைச்சல்னு அக்கா அளவ வச்சுத்தான் காட்டுனோம். அக்கா பேரும் அதுல இருக்கு. எம்பேருக்கு அடுத்த பேரு."

அடுத்த பேரு. காகிதத்திலும் இவன் பக்கத்தில்தான்.

"என்னன்னு போட்டிருக்கீக?"

"ரோஸ்லின் ஜெபராஜ்."

ஜெபராஜ் அவனைப் பார்த்தார்.

"வெறும் ரோஸ்லின்னுதான் நான் எழுதியிருந்தேன். அக்காதான், எங்க வீட்டுக்காரவுக பேரையும் சேத்துப் போடுங்க சார், இல்லாட்டி அது நான்னு ஊருல எவனுக்குத் தெரியும்னாங்க."

தோட்டத்துக்கு அப்பால் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

"கட்டுரைய ஏத்துக்கிட்டாங்கன்னு சொல்லத்தாண்ணே கூப்பிட்டேன். மெசேஜும் போட்டேன். நீங்க யாராச்சும் பாத்துச் சொன்னீங்களா? அக்காவுக்குத் தெரிஞ்சுச்சா?"

ஜெசிந்தா இரண்டடி தள்ளி, அணைந்த மெழுகுவர்த்தியைப் பிடித்தபடி நின்றாள். தலையைத் தூக்கினாள்.

"தெரியும்" என்றார் ஜெபராஜ். "நாந்தான் படிச்சுச் சொன்னேன்."

"நெசமாவாண்ணே? என்ன சொன்னாங்க?"

ஜெபராஜ் குழியைப் பார்த்தார். அவள் என்ன சொல்லியிருப்பாள்? இருபத்து மூன்று வருடம் கூட வாழ்ந்தவருக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. இவனைக் கேட்டால் சொல்லிவிடுவான்.

"சிரிச்சா" என்றார். "சத்தமா சிரிச்சா."

சுரேஷ்கண்ணன் தலையை ஆட்டினான். "ஆமாண்ணே. அப்படித்தான் சிரிப்பாங்க" என்று கண்ணைத் துடைக்கப் போனவன், கையில் மண் இருப்பதைப் பார்த்து நிறுத்தினான். ஜெசிந்தா மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

வாசலருகே கைகழுவ ஒரு டிரம்மில் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஜெபராஜ் முன்னால் போய் மக்கில் மோந்து நின்றார். சுரேஷ்கண்ணன் தயங்கி, இரண்டு கைகளையும் நீட்டினான். முழங்கை வரை செம்மண். அவர் ஊற்றினார். மண் கரைந்து சிவப்பாக ஓடியது. மறுபடி மோந்து ஊற்றினார்.

"போதும்ணே."

இப்போது தண்ணீர் தெளிவாகத்தான் விழுந்தது. ஜெபராஜ் இன்னொரு மக்கு மோந்தார்.