பதினோரு முகங்களுக்கு ஒரு சாட்சி

மூன்றாம் மாடி டெம்ப்ளேட்காரருக்குப் பதினோரு பேர் கொண்ட குடும்பம். மாமனார், மச்சான், மாப்பிள்ளை, மூக்கு நுனியில் கோபத்தோடு ஒரு பெரியப்பா என்று ஆளுக்கொரு மீசை. அத்தனை பேரும் அவரேதான்!

தொழில் அப்படி. பிறந்தநாள் வீடியோவுக்கு டெம்ப்ளேட் செய்து இணையக் கடையில் போடுவார். வாங்குகிறவர்கள் அதன் கட்டங்களில் தங்கள் படங்களைச் செருகினால் வீடியோ தயார். கட்டம் காலியாக இருந்தால் யார் வாங்குவார்கள்? மாதிரிக்கு முகங்கள் வேண்டும். பின்னணி இசைக்கும் எழுத்துருவுக்கும்கூட உரிமம் வாங்கி வைத்திருக்கும் உத்தமர், ஊரான் படத்தைத் திருடுவாரா? பஞ்சை மீசையாக்கி, திரைச்சீலையைச் சால்வையாக்கி, கேமராவில் டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் நின்று பதினோரு முறை சிரித்துத் தீர்த்தார். உலகத்தில் பிறந்த பாதிப் பேருக்கு அந்த டெம்ப்ளேட்டில்தான் பிறந்தநாள் நடந்தது என்றால், கொஞ்சம்தான் மிகை. வாடகை, மின்சாரம், பல் வைத்தியம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் தலையில்.

ஒரு நாள் கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. புது விதியாம். மாதிரியில் தெரியும் ஒவ்வொருவரும், தன் முகத்தை விற்பனைக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று கையெழுத்திட வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சியும் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் டெம்ப்ளேட் நீக்கப்படும்.

“எல்லாரும் நான்தான்” என்று எழுதினார்.

“மகிழ்ச்சி. உங்களை நேரில் நன்றாக அறிந்த ஒருவர் அதற்குச் சாட்சிக் கையெழுத்திடட்டும். உறவினர் கூடாது” என்று பதில் வந்தது.

நேரில் நன்றாக அறிந்தவர். மூளையைச் சல்லடையில் போட்டுச் சலித்தார். சல்லடையில் மிஞ்சியவர் கீழே இருக்கும் மளிகைக்கடைக்காரர் ஒருவர் மட்டும். தினமும் ரொட்டி வாங்குகிற கடை. படங்களோடு இறங்கிப் போனார்.

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “இவரு உங்க மச்சானா? உங்களைவிடக் களையா இருக்காரே!”

“அது நான்தாங்க.”

“சும்மா விளையாடாதீங்க சார். இந்தப் பெரியவரு?”

“அதுவும் நான்தான்.”

“அட போங்க சார். நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. எதை நம்பிக் கையெழுத்துப் போடுறது?”

மேலே ஏறி வந்தவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தார். தீரவில்லை. வெளியூரில் இருக்கும் அக்காவுக்குப் படங்களை அனுப்பிவிட்டு, வெகுகாலம் கழித்துப் போன் செய்தார்.

“மீசை வச்சா மட்டும் அந்த ஆந்தை முழி மறைஞ்சிடுமாடா? பதினொண்ணும் நீதான்!” என்றாள் அக்கா. பிறகு குரல் இறங்கியது. “ஏன்டா, எல்லா வேஷமும் நீயே போடணுமா? ஆளா இல்ல?”

விதியைச் சொன்னார். தன்னைத் தெரிந்த ஒரே ஆள் சாட்சியாக முடியாது என்பதையும் சொன்னார்.

“அவ்வளவுதானே? எங்க படத்தை வச்சுக்கோ. வீட்டுல பத்துப் பேரு இருக்கோம்.”

மறுநாளே பத்துப் படங்களும் பத்துச் சம்மதங்களும் வந்து குதித்தன. அத்தனைக்கும் சாட்சி பக்கத்து வீட்டம்மாவாம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர், அது பொங்குவதற்குள் பத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டாராம். படங்கள் அக்கா பேரனின் பிறந்தநாளில் எடுத்தவை. அந்தப் பிறந்தநாளுக்கு அவர் போகவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

பத்துக் கட்டங்கள் நிறைந்தன. ஒன்று மிச்சம்.

“அதுல உன்னை வையேன்டா, மீசை இல்லாம” என்றாள் அக்கா போனில். “பக்கத்து வீட்டம்மாவையே போடச் சொல்றேன்.”

“அவங்க என்னைப் பார்த்ததே இல்லையேக்கா.”

“அப்போ வந்து மூஞ்சியைக் காட்டு! ராத்திரி பஸ் ஏறினா காலையில இங்க இருப்பே.”

“நாளைக்குக் கடைசி நாள்க்கா.”

“பஸ் இன்னிக்கே இருக்குடா.”

அவர் பதில் சொல்வதற்குள் யாரோ அக்காவைக் கூப்பிட்டார்கள். “பேசுறேன்டா” என்று வைத்துவிட்டாள். அவர் பஸ் நேரத்தைப் பார்த்தார். பையைக்கூட எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். போனால் அந்தப் பக்கத்து வீட்டம்மா கேட்பார், இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள் என்று. அதற்கு என்ன சொல்வது?

மளிகைக்கடைக்காரரிடம் மறுபடி போய் நிற்கவும் கூச்சமாக இருந்தது. பையைத் திரும்பப் பரண்மேல் வைத்துவிட்டு, பதினோராவது கட்டத்தை அழித்தார். ஓட்டை தெரியக் கூடாதே என்று பத்து முகங்களையும் நெருக்கி உட்கார வைத்தார்.

மாலையே இணையக் கடை ஒப்புதல் கொடுத்தது. வாடகை தப்பியது. வீடியோவை ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். யாரும் குறைவதாகத் தெரியவில்லை.