இரண்டு ஃபிரேம் பிந்தி

புதிதாக வந்தவர் தன்னை மேடம் என்று கூப்பிட்டபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. டிவி தொடர்களுக்குக் கிராஃபிக்ஸ் செய்யும் அந்த ஸ்டூடியோவில் கூட்டிப் பெருக்குகிறவர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். முதலாளி அவளைவிட நாலு வயது மூத்தவர், இருந்தும் அக்கா என்றுதான் அழைப்பார். முதுகுக்குப் பின்னால் பூட்டக்கா என்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். தன் ஃபைலில் இருக்கும் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத்தான் சாப்பிடவே எழுந்து போவாள். இப்படிப்பட்ட இடத்துக்கு மீசை பாதி நரைத்த ஒரு மனிதர் வந்து பவ்யமாக மேடம் என்றால், ஒன்று மரியாதை தெரிந்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவளை வெளியாள் ஆக்க வந்தவராக இருக்க வேண்டும். முதலாவதை அவள் நம்பவில்லை.

வந்த மறுநாளே அவருக்குக் கம்பி என்று பெயர் விழுந்தது. அவளுடைய வேலை லேயர் வேலை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோல் படங்களை அடுக்கிக்கொண்டே போவாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் இருக்கும். கண்ணைத் திறந்தால் அந்தப் படம் தெரியும், மூடினால் மறைந்துவிடும். அவர் வேலை செய்வது நோடு என்கிற முறையில். அங்கே அடுக்கு என்ற பேச்சே கிடையாது. செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி கம்பி. எது எங்கிருந்து வந்து எதில் சேருகிறது என்று திரை முழுக்கப் பரப்பி வைத்துவிடுவார். போகிற வருகிறவரெல்லாம் நின்று பார்ப்பார்கள். வீட்டுத் துணியையெல்லாம் தெருவில் காயப்போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு கதவு. ஏழு வருடமாக ஓடும் தொடரின் தலைப்புக் காட்சியில் ஒரு பழைய கதவு திறக்கும், உள்ளிருந்து வெளிச்சம் வரும். அந்தக் கதவு மூச்சு விடுகிறது என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு எப்படி வந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவசரத்தில் கதவு லேயரைப் பத்திரத்துக்காக ஒரு நகல் எடுத்தவள், அது இரண்டு ஃபிரேம் தள்ளிப்போய் உட்கார்ந்ததைக் கவனிக்கவில்லை, அதன் கண்ணை மூடவும் மறந்துபோனாள். படம் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தாள். நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேமில் இரண்டு என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் கதவு திறக்க, அதன் பின்னாலேயே அதே கதவு மங்கலாக இன்னொரு தடவை திறந்தது. வெறும் கவனப்பிசகு. அன்றைக்கு அந்த லேயரைப் பூட்டினாள், யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது தொடரின் அடுத்த பாகம் வரப்போகிறது. பழைய கதவை முதலில் நோடில் கட்டிப் பார்ப்போம், சரியாக வந்தால் இனி எல்லாமே நோடுதான், கம்பியே பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவளுடைய ஃபைலையும் கொடுக்கச் சொன்னார். பெட்டிக்குப் பெட்டி ஓடும் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் யார் வேண்டுமானாலும் அவளுடைய பதினாறு வருடத்தைப் படித்துவிடலாம். அதற்கப்புறம் அவள் எதற்கு?

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் எலக்ட்ரீஷியன். ஒயர் போகிற வழி வெளியே தெரிந்தால் பின்னால் வருகிறவனுக்கு வசதிதானே என்று அவர் நியாயம் பேச, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மேடம்னு கூப்பிட்டாலும் கோபம். அந்த ஆளு பேசாம இருந்தாலும் கோபம்தான். வேற எப்படித்தான் இருக்கணும்ங்கிற?"

"இல்லாம இருக்கணும்," என்றாள்.

மறுநாள் ஃபைலைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த நகல் லேயரின் கண்ணை மூடினாள். அழிக்க மனசு வரவில்லை. கம்பி கட்டும் கதவு செத்துக் கிடக்கும், முதலாளி உதட்டைப் பிதுக்குவார், அப்போது ஃபைலைத் தன் இடத்துக்கு எடுத்துப்போய் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் திறந்து கொண்டுவந்து கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

நாலாம் நாள் காலையில் அவள் கம்பியின் திரையைத் தாண்டிப் போனபோது கதவு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போனாள். ஒளிபரப்பான பழைய படத்தைத் தன் படத்தின்மேல் வைத்துக் கழித்துப் பார்த்திருக்கிறார். இரண்டும் ஒன்றாக இருந்தால் திரை முழுக்கக் கறுப்பாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, கதவின் விளிம்பு மட்டும் மெல்லிய கோடாக மிஞ்சியிருந்தது. அந்தக் கோட்டை வைத்தே மனிதர் இரண்டு ஃபிரேமைப் பிடித்துவிட்டார். அங்கே நாலு பெட்டிகளைச் சுற்றி மஞ்சளாக ஒரு சட்டம் போட்டு, அதன் தலையில் குறிப்பு எழுதியிருந்தார்: "கதவு மறுபடியும், 2 ஃபிரேம் பிந்தி. மேடம் ஃபைலில் இது அணைந்திருக்கிறது. மேடத்திடம் கேட்கணும்."

கேட்கணும். தனியாகவா, முதலாளி முன்னாலா? தெரியாமல் கேட்கிறாரா, தெரிந்துகொண்டே ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி கேட்கப்போகிறாரா? நாலு தரம் படித்தும் அந்த எழுத்தில் முகம் தெரியவில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. குறிப்பு மட்டும் போகட்டும் என்று மஞ்சள் சட்டத்தின் தலையைத் தொட்டு அழித்தாள், பழக்க தோஷத்தில் சேமித்தும் விட்டாள். லேயரில் ஒன்றை அழித்தால் ஒன்றுதான் போகும். இங்கே சட்டத்தைத் தலையில் பிடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்து வரும் என்பது அவளுக்குத் தெரியாது. நாலு பெட்டியும் போயிருந்தன. அறுந்த கம்பி தானாகவே ஒட்டிக்கொண்டது. எழுந்து நடந்த அவசரத்தில் அவள் அதைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குப் பெரிய திரையில் போட்டார்கள். கதவு திறந்தது. வெறும் கதவு.

"என்ன, உயிரே இல்லையே," என்றார் முதலாளி.

நாலு நாளாக அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. காதில் விழுந்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கம்பி தன் பெட்டிகளைத் திரையில் கொண்டுவந்தார். நடுவில் ஓரிடம் மட்டும் காலியாகக் கிடந்தது. அதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். யார் தொட்டது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மேடம் ஃபைல்ல இருக்கு சார்," என்றார். "மேடமே இங்க ஒருதடவை போட்டுக் காட்டட்டும்."

அவருடைய நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார். வழிவிடுகிறாரா, வளைத்துப் பிடிக்கிறாரா? உட்கார்ந்தாள். ஃபைல் பெரிய திரையில் விரிந்தது, அடுக்கடுக்காக எல்லாம் பூட்டிக் கிடந்தன, கதவு லேயருக்கு மேலே ஒரு கண் மட்டும் மூடியிருந்தது. திறந்தால் அதை அவள்தான் மூடி வைத்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும். மூடியே விட்டால் கதவு செத்துக் கிடக்கும்.

"எதுன்னு காட்டுங்கக்கா," என்றார் முதலாளி.

திரையின் கறுப்பில் கம்பியின் முகம் தெரிந்தது. அதில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அவள் பூட்டை எடுத்தாள், கண்ணைத் திறந்தாள். பெரிய திரையில் கதவு திறந்தது. அதன் பின்னாலேயே, சற்றுத் தயங்கினாற்போல, அதே கதவு இன்னொரு தடவை திறந்தது.