வாசலில் நின்ற இன்னொரு கொக்கி

துறைமுகத்தில் நிரந்தரப் பதிவேடு வந்த இரண்டாம் நாள் காலையிலிருந்து கொக்கி இரண்டு ஆளாக இருந்தான். ஒருவன் அட்டையைக் காட்டிவிட்டுக் கப்பலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். இன்னொருவன் வெளிவாசலில், மேஸ்திரி வந்து தோளைத் தட்டுவார் என்று காத்து நின்றான்.

எல்லாவற்றுக்கும் காரணம் சந்தேகம்தான். அந்த வாசலில் இருபது வருடமாக விடிந்ததும் எண்ணூறு பேர் கூடுவார்கள். மேஸ்திரி தோளைத் தட்டிய இருநூறு பேருக்கு வேலை, மற்றவர்களுக்கு வந்த வழி. அடிதடி, வேலைநிறுத்தம், கப்பலிலேயே அழுகிய வெங்காயம் என்று பார்த்துச் சலித்த நிர்வாகம், பதிவேட்டில் ஆளுக்கொரு எண், அதற்கோர் அட்டை, முறைவைத்து வேலை, கப்பல் வராத நாளிலும் பாதிக் கூலி என்று அறிவித்தது. யாரும் நம்பவில்லை. சும்மா இருக்கிறவனுக்கு எவன் கூலி கொடுப்பான்? சாக்கைக் குத்தித் தூக்கும் இரும்புக் கொக்கியை இடுப்பில் செருகியபடியே தூங்கி அந்தப் பேரையே வாங்கிய நம் ஆள், மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் கைநாட்டு வைத்து நானூற்றுப் பன்னிரண்டாம் எண்ணை வாங்கினான். திட்டம் கவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்று வாசலில் தன் இடத்தையும் விடவில்லை. இரண்டையும் ஓர் உடம்பால் செய்ய முடியாது. ஆகவே உடம்பு இரண்டானது.

"ஏங்க, ரெண்டு பேருக்கும் சோறு கட்டணுமா?" என்று மட்டும் மனைவி கேட்டாள்.

பதிவு அதிகாரி அவ்வளவு லேசாக விடவில்லை. இரட்டைக் கூலிக்கு அடிபோடுகிறான் என்றார். சங்கத்துக்காரர்களோ, வேவு பார்க்க நிர்வாகம் நிறுத்திய ஆள் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வாசலில் நிற்பவன் போகாவிட்டால் அட்டை ரத்து என்று உத்தரவு வந்தது.

கொக்கி வாசலுக்குப் போய்க் கெஞ்சினான். "நேத்து கப்பலே வரலப்பா. இருந்தும் பாதிக் கூலி கொடுத்தாங்க."

"கொடுக்கறப்ப எதுலயாவது கைநாட்டு வாங்கினாங்களா?" என்றான் நின்றவன்.

"வாங்கினாங்க."

"அப்ப மாட்டிக்கிட்ட. தள்ளு, மேஸ்திரி வர்ற நேரம்."

நிற்பவன் தோளை ஒரு தடவை வந்து தட்டச் சொல்லிக் கேட்க, கொக்கி பழைய மேஸ்திரியின் வீட்டுக்கே போனான். "ஒரு தட்டு தட்டிடலாம்தான். ஆனா ஆள் பொறுக்கறது இப்ப குத்தமாமே. என்னை மாட்டிவிட உன்னை அனுப்பினது யாரு?" என்று கேட்டுவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வாசலுக்கு வந்தார். கொக்கியை மற்றவன் பக்கத்தில் நிறுத்திப் பதிவேட்டைப் பிரித்து, "நானூத்திப் பன்னிரண்டு" என்றார். கொக்கி "ஐயா" என்று முன்னால் வந்தான். மற்றவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வாசலில் யாரும் யாரையும் எண்ணாலோ பேராலோ கூப்பிட்டதில்லை. அவனுக்குத் தோள் மட்டும்தான் தெரியும். அதிகாரி மூன்று தடவை கூப்பிட்டார். பிறகு, 'வாசலில் நிற்பது தொழிலாளி அல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அட்டை தப்பியது.

அதன்பின் வேலைநிறுத்தங்கள் குறைந்தன. கொக்கி பதினெட்டு வருடம் உழைத்து, முதுகு வளைந்து, ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனான். ஓய்வூதியக் காகிதத்தையும் இரண்டு பேரிடம் தனித்தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே வாங்கிக்கொண்டான். வாசலில் இருப்பவன் தலை நரைக்காமல், குதிகாலைத் தூக்கியபடி நிற்கிறான். லாரிக்காரர்கள் அவனைச் சுற்றி வளைத்து ஓட்டப் பழகிவிட்டார்கள். போன வருடம் வாசலுக்குத் தார் போட்டபோது, இரண்டு பாதம் அளவுக்கு இடம் விட்டுப் போட்டார்கள்.