அழைப்பு வரும் இடம்

ஊரே மழை வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நான்தான். இதை வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் டீக்கடையில் எனக்கு டம்ளர்கூடத் தரமாட்டார்கள்.

சித்திரை பிறந்தால் எங்கள் பக்கம் பம்பைச் சத்தம் கிளம்பிவிடும். ஆடி முடிகிறவரை ஓயாது. இந்த வாரம் எங்கள் ஊரில் ஜாத்திரை என்றால் அடுத்த வாரம் பக்கத்து ஊரில். ஏரிக்கரை, வேப்பமரத்தடி, அறுத்துப்போட்ட கழனி என்று எங்கே வெட்டவெளி கிடைக்கிறதோ அங்கே பம்பையும் உடுக்கையும் முழங்கும். டிக்கெட்டும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. மண்ணில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போகவேண்டியதுதான்.

தாமல் ஏரியை ஒட்டிய எங்கள் ஊரில் அம்மன் ஜாத்திரை வைகாசியில் வரும். ஏரிக்குள் இறங்கி, தண்ணீர் ஓரத்தில் கரகம் ஜோடிப்பார்கள். குடத்தில் தண்ணீர் நிறைத்து, வேப்பிலையும் பூவும் ஆளுயரத்துக்குச் சுற்றி வைத்துவிட்டு, பம்பைக்காரர்கள் அம்மனை வர்ணித்துப் பாடுவார்கள். முடியிலிருந்து பாதம்வரை பாடி வந்து, கடைசியில் 'வா தாயே' என்று கூப்பிடுவதுதான் அழைப்பு. அழைப்பு பாடினால்தான் கரகக்காரருக்கு அருள் வரும், கரகம் தலைக்கு ஏறும். பாடாவிட்டால் குடம் அங்கேயே கிடக்கவேண்டியதுதான்.

இதில் சங்கரி என்ற பெண் வந்து சேர்ந்தாள். பிள்ளையார்பாளையத்துக்காரி, முப்பது வயது இருக்கும். அண்ணன் குரு பம்பை அடிப்பான், இவள் உடுக்கையோடு பாடுவாள். போன வருஷம் எங்கள் ஊரில் இவள் அழைப்பு பாடிய சாயங்காலமே மழை கொட்டித் தீர்த்தது. அதற்கு முந்தைய வருஷம் பக்கத்து ஊரில் கரகம் கோயிலுக்குப் போய்ச் சேரும் முன்பே நனைந்துவிட்டது. அவ்வளவுதான், சங்கரி கூப்பிட்டால் மழை வரும் என்று பேச்சாகிவிட்டது. இவள் பாடியும் ஒரு சொட்டு விழாத ஊர்களும் உண்டு. அதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள்.

இந்த வருஷம் ஏரி பாதிக்கு மேல் வற்றிவிட்டது, போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டது. நாற்று விட்டவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் சங்கரிதான் வரவேண்டும் என்று ஊர் கூடி ஒரே பேச்சாக முடிவு செய்தது. நானும் அந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கினேன். தூக்காமல் எப்படி இருப்பது?

ஆனால் என் நெல் களத்தில் கிடந்தது. பம்புசெட் மோட்டார் எரிந்துபோய் எனக்கு நடவு தள்ளிப்போனது. எல்லாரும் அறுத்து மூட்டை கட்டி முடித்த பிறகுதான் எனக்கு அறுப்பே வந்தது. நெல் இன்னும் ஈரமாக இருக்கிறது, காயவைத்துக் கொண்டு வா என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் போதும். தார்ப்பாயைப் போட்டு மூடலாமே என்பீர்கள். ஈரநெல்லை மூடினால் உள்ளுக்குள் புழுங்கி முளைவிட்டுவிடும். விரித்துப் போட்டால்தான் காயும், விரித்துப் போட்டால்தான் நனையும். எங்கள் வருஷச் சாப்பாடு அது. வேறு வருமானம் எங்களுக்கு இல்லை.

சங்கரி பாடி மழை வரும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் பயந்தேன். நம்பாத விஷயத்துக்குப் பயப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

என் மனைவி பொன்னிதான் வழி சொன்னாள். "அந்தப் பொண்ணாண்ட போய் நேராவே கேட்டுடு. அழைப்ப மட்டும் இந்த வாட்டி வுட்டுடச் சொல்லு."

"கரகம் எழும்பாதே?"

"ரெண்டு நாளு கழிச்சி எழும்பட்டும். நெல்லு நனைஞ்சா திரும்பக் காயுமா?"

ஜாத்திரைக்கு முந்தைய நாள் பைக்கை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். தெருவில் நெடுகத் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள். பட்டு இழையில் சைலன்சர் பட்டுவிடப் போகிறதென்று ஒருவர் கத்தினார். இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். சங்கரி வீட்டுக் கதவு திறந்திருந்தது. தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். ஜாத்திரை இல்லாத நாளில் அவளுக்கும் வயிற்றுப்பாடு தறிதான். தறி நாடா இங்கும் அங்கும் ஓடுகிற தாளத்துக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு என்றுகூடச் சொல்லமுடியாது, மூக்குக்குள் ஓடும் ஒரு ராகம். நான் வந்த விஷயத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு வாசலிலேயே நின்றேன்.

"யாருண்ணா?" என்று அவளே கேட்டாள்.

ஊரைச் சொன்னேன். களத்தில் நெல் கிடப்பதைச் சொன்னேன். மழை வராமல் பாடு என்று ஒரு பாட்டுக்காரியிடம் எப்படிக் கேட்பது? ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாடாவை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"மழ எங் கையிலயா இருக்குது? நான் கூப்புடறேன், வர்றதும் வராததும் அவ இஷ்டம்."

"தெரியும்மா. இருந்தாலும்..."

"இருந்தாலும் உங்களுக்கு பயமா இருக்குது." நாடாவை மடியிலிருந்து எடுத்துத் தறிமேல் வைத்தாள். "ஒருத்தர் வயித்துல அடிச்சிட்டு நான் பாட மாட்டேண்ணா. ஊருக்காக ஒத்துக்கினு பாடாமயும் இருக்க முடியாது. ஒண்ணு செய்யலாம். வர்ணிப்ப முழுசாப் பாடிக்கினு வர்றேன். அழைப்பு வர்ற இடத்துல நிறுத்திட்டு உங்களப் பாக்கறேன். நீங்க தலையாட்டுனா பாடறேன். ஆட்டலன்னா தொண்ட கட்டிக்கிச்சின்னு சொல்லிட்டு உக்காந்துடறேன்."

"உனக்குக் கெட்ட பேர் வராதா?"

"வரும். வந்தா வாங்கிக்கறேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! இத்தனை ஊரில் கட்டிக் காப்பாற்றிய பெயரை, முன்பின் தெரியாத ஒருவனுடைய நெல்லுக்காக விட்டுத்தரத் தயாராக இருக்கிறாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கம் சோறு போடாது.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் ஊர் ஏரிக்குள் இறங்கியது. பொன்னி களத்திலேயே இருந்துவிட்டாள். வானம் மாறினால் நெல்லைத் தள்ளிக் குவித்துப் பாயை இழுத்துப் போடுவதாக ஏற்பாடு. முழுசாக நனைவதற்கு அது மேல் அல்லவா? களத்து மூலையில் இருந்த கம்பத்திலும் ஒரு கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்ததால் பாட்டு அங்கேயும் கேட்கும். நான் கிளம்பும்போது நெல் தள்ளும் பலகையை என் முகத்துக்கு நேரே ஆட்டிச் சொன்னாள். "போனமா, நின்னமா, வந்தமான்னு இரு. தலைய மட்டும் ஆட்டிடாத."

"நான் என்ன பூம்பூம் மாடா?" என்றேன்.

வெடித்துக் கிடந்த ஏரி மண்ணில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து கூட்டம் நிறைந்துவிட்டது. ஷேர் ஆட்டோ ஓட்டும் உதயகுமார்தான் கரகக்காரர். மஞ்சள் வேட்டியோடு குடத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

குரு பம்பையை முழக்கினான். அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழுந்தது. சங்கரி உடுக்கையைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பாட ஆரம்பித்தாள்.

முதலில் அம்மன் முடியைப் பாடினாள். பிறகு நெற்றி, பிறகு கண். போன வருஷமும் கேட்டவன்தான் நான், ஆனால் தூரத்தில் பந்தலோரம் யாரோடோ வம்பளந்துகொண்டே கேட்டேன். இந்தமுறை அவள் பார்க்கும் தூரத்தில் நிற்கவேண்டும் என்பதால் முன்வரிசையில் நின்றேன். அங்கே நின்றால் அந்தக் குரலிடமிருந்து தப்பிக்க முடியவில்லை. இனிமையான குரல் என்று சொல்லமுடியாது. கொஞ்சம் கரகரப்பு உண்டு. ஆனால் அவள் 'கண்' என்று பாடியபோது யாரோ என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது, திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன். கையைப் பாடியபோது எங்கள் அம்மாவின் கை ஞாபகம் வந்தது. எனக்கு முன்னால் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்த பையன்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். கைக்குழந்தைகள்கூட அழவில்லை. ஏரியின் அந்தப் பக்கம் எருமைகள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி நின்றன. அதெல்லாம் பம்பைச் சத்தத்துக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்ததற்கு என்ன சொல்வது?

அவள் பாதத்துக்கு வந்தாள்.

"கொலுசில்லாப் பாதமம்மா, கொப்புளிச்ச பாதமம்மா,
கரம்ப மண்ணில் நடந்து வந்து கன்னிப்போன பாதமம்மா..."

பம்பை ஏறிக்கொண்டே வந்தது. உதயகுமார் கால் லேசாக நடுங்க ஆரம்பித்தது. அடுத்த அடியில் அழைப்பு. ஏரி முழுக்க அத்தனை பேரும் அந்த ஒரு அடிக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

சங்கரி நிறுத்தினாள்.

குருவுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு முறை சும்மா தட்டிப்பார்த்தான், பிறகு அவனும் நிறுத்திவிட்டான். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல் மட்டும் கேட்டது. உதயகுமாரின் கால் நடுக்கம் நின்றுபோனது. வாசல்வரை வந்த யாரையோ கதவைச் சாத்தித் திருப்பி அனுப்பியது போல ஆகிவிட்டது அந்த இடம். சங்கரி என்னைப் பார்த்தாள். கோபமாகவும் பார்க்கவில்லை, கெஞ்சியும் பார்க்கவில்லை. நான் என்ன சொன்னாலும் அதன்படி செய்வாள் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. தொண்டையில் கைவைக்கத் தயாராகக் கையையும் தூக்கிவிட்டாள்.

என் நெல் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. களம் முழுக்க மஞ்சளாகப் பரந்து கிடக்கும் நெல். பொன்னி சொன்னதும் காதில் கேட்டது. நான் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை, சும்மா நின்றால் போதும். உலகத்தில் அதைவிடச் சுலபமான வேலை உண்டா?

அந்த மௌனத்தை என்னால் தாங்கமுடியவில்லை. மழை வருமா வராதா என்பதே மனசில் இல்லை. அந்தப் பாட்டு அதோடு நின்றுவிடும் என்பதுதான் பொறுக்கவில்லை. அவ்வளவு பெரிய ஒன்று என் நெல்லுக்காக வாயை மூடிக்கொண்டு நிற்பதா?

தலையாட்டினேன். அம்மன்தான் என்னை ஆட்டுவித்தாள் என்று பிறகு ஊரில் சொல்லியிருக்கலாம், பெருமையாகவும் இருந்திருக்கும். ஆனால் அது பொய். தெரிந்தேதான் ஆட்டினேன். ஆட்டியதோடு நிற்காமல், "பாடும்மா!" என்று கத்தியும்விட்டேன்.

சங்கரி பாடினாள்.

"எட்டூரு ஏரி காஞ்சி ஏங்குதடி உனக்காக,
ஈரக் காலெடுத்து இப்ப வந்து நில்லு தாயே!"

அது பாட்டுதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண் தொண்டையிலிருந்து இவ்வளவு சத்தம் எப்படி வரும்? ஒவ்வொரு 'தாயே'க்கும் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் 'தாயே' என்றது. அதில் என் குரலும் இருந்தது. உதயகுமார் அலறிக்கொண்டு குதித்தார், கரகம் அவர் தலைக்குப் போனதை நான் பார்க்கவேயில்லை, பார்த்தபோது தலையில் இருந்தது. கையால் பிடிக்கவில்லை, குடம் அசையவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகிறேனே என்று வெட்கமும் வரவில்லை.

மேற்கே கரைக்கு மேல் வானம் கறுத்திருந்ததை ஒரு பெண்தான் முதலில் காட்டினாள். பிறகு காற்று வந்தது. ஏரி மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு எங்கள் முகத்தில் அடித்தது. யாரும் கலையவில்லை. என் மேல்கையில் முதல் சொட்டு விழுந்தது. கோலிக்குண்டு அளவு, குளிர்ந்த சொட்டு. ஊர் ஓவென்று கூவியது. சங்கரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாடிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் எனக்கு நெல் ஞாபகம் வந்தது. கரைமேல் ஏறி ஓடினேன். செருப்பு எங்கேயோ கழன்று போனது. பொன்னி ஒருத்தியாக எவ்வளவு குவித்திருப்பாள், பாதியாவது குவித்திருப்பாளா, மீதி முளைத்துப் போகுமே, அவளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். மழை வலுத்துவிட்டது.

களத்துக்குள் நுழைந்தால் நெல் விரித்தது விரித்தபடியே கிடந்தது. ஒரு கைப்பிடிகூடக் குவிக்கவில்லை. பாய் சுருட்டியபடியே ஓரத்தில் இருந்தது. பொன்னி களத்து நடுவில் பலகையை ஊன்றிக்கொண்டு, கம்பத்து ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் சங்கரியின் குரல் மழையையும் மீறி வந்துகொண்டிருந்தது.

"பொன்னி," என்றேன். மூச்சு வாங்கியது. "நான்தான்டி தலையாட்டிட்டேன்."

அவள் திரும்பவில்லை.

"ஆட்டாம இருந்திருந்தியானா உன்ன வூட்டுக்குள்ளயே சேத்திருக்க மாட்டேன்," என்றாள். பாயை இழுக்கப்போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருய்யா. அவ இன்னும் முடிக்கல."