சாப்பிடாத பத்து நாள்

மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கிற தம்பி சிலந்தி வளர்க்கப் போகிறார் என்றதும் அக்கா, "ஒட்டடை அடிக்காம விட்டாலே வீடு நிறைய வருமே, கடையில வேற வாங்கணுமா?" என்றாள். தம்பிக்கு மனைவி இறந்து ஐந்து மாதம். நாய் என்றால் கதவருகே காத்திருக்கும். அந்தக் கண்ணைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

கடையில் நீலமாய் மினுங்கிய உரோமச் சிலந்தி ஒன்றில் அவர் கண் நின்றது. அது பிடி கொடுக்காமல் ஓடும், புதிதாக வளர்ப்பவருக்கு ஆகாது என்று கடைக்காரர் சொல்லி, மெதுவாக வளரும் சாதுவான ரகத்தில் ஒரு குஞ்சை எடுத்துவைத்தார். மிளகளவு. ஊசித்துளை போட்ட டப்பா, தேங்காய் நார்த்தூள், ஓரத்தில் கொஞ்சம் ஈரம், வாரம் இருமுறை ஒரு புழுத் துண்டு. அவ்வளவுதான் பாடு.

இரண்டு மாதம் நன்றாகத் தின்றது. பிறகு நிறுத்திவிட்டது. வயிறு உப்பிக் கறுத்தது; துண்டு வைத்தபடியே காய்ந்தது. பத்து நாள் ஓடிற்று. அவர் மனைவியும் கடைசியில் இப்படித்தான், கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரே ஒரு வாய் என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினார். அவருக்காக விழுங்கினாள்.

பதினோராம் நாள் காலை, அசைவதைக் கண்டால் ஆசை வருமோ என்று உயிருள்ள சுவர்க்கோழிப் பூச்சி ஒன்றை டப்பாவுக்குள் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். மதியம் வந்து பார்த்தால் சிலந்தி மல்லாந்து கிடந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டார். "போயிடுச்சு தம்பி."

"கால் சுருண்டிருக்கா சார், விரிஞ்சிருக்கா?"

"விரிஞ்சுதான் இருக்கு."

"அப்ப சாகல. தோல் உரிக்குது. அதுக்குத்தான் சாப்பிடாம இருந்திருக்கு. தொட்டுடாதீங்க. உள்ள தீனி எதுவும் போடலையே?"

அவர் டப்பாவுக்குள் குனிந்து பார்த்தார். தோலுரிக்கிற சிலந்தி பச்சைப் பிள்ளைக்குச் சமம்; இரையே அதைத் தின்றுவிடும். சுவர்க்கோழி அதன் காலருகே நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது.

திருகாணி எடுக்கும் இடுக்கியைக் கொண்டுவந்தார். முழங்கையை மேசையில் ஊன்றி, டப்பா அசையாமல், மூன்றாம் முறையில் சுவர்க்கோழியைப் பிடித்து எடுத்தார்.

அதற்குமேல் அவர் செய்ய ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழைய தோல் கையுறைபோல் கழன்றது. வெளுத்து, ஈரமாய், ஏழு காலோடு சிலந்தி வெளியே வந்தது.

மறுபடி போன் செய்து, ஒரு கால் போனதைச் சொன்னார்.

"ஏழு காலோடயே நல்லா இருக்கும் சார். அடுத்த தடவை உரிக்கிறப்ப முளைச்சிடும். ஒரு வாரம் எதுவும் போடாதீங்க."

"அடுத்த தடவை எப்ப?"

"இது மெதுவான ரகம். மூணு மாசம் ஆகும், நாலு மாசமும் ஆகும். பொறுமையா இருக்கணும்."

"இருக்கேன்."

கடைக்காரர் வைத்த பிறகும் போன் அவர் காதிலேயே இருந்தது.