சுவரில் விழுந்த சிவப்புப் புள்ளி

என் வீட்டுக்காரர் டெஸ், இரும்பு கடையும் தன் லேத்துக்குப் போட்ட அஸ்திவாரத்தில் பாதியை எனக்கும் பிள்ளைக்கும் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது. கல்யாணமான புதிதில் ஆற்றோரம் மனை வாங்கி, வீட்டை நாலு கட்டையின் மேல் உட்கார வைத்தார். தெருவில் எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் கொல்லைக்கோடியில் பட்டறை கட்டும்போது மனிதர் அடியோடு மாறிவிட்டார். லேத் நிற்கும் இடத்தில் மட்டும், அடியில் கெட்டிச் சரளை தட்டுப்படும்வரை தூண் இறக்கி, அதற்கு மேல் கான்கிரீட் பாளம் போட்டார். மெஷினுக்கு நடுக்கம் ஆகாதாம். பெண்டாட்டிக்கு மட்டும் ஆகுமா என்று அப்போதே கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் பூமி ஆடியது. பிப்ரவரியில் பெரிய ஆட்டம், அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்கச் சின்னச் சின்ன ஆட்டங்கள். புகைபோக்கி சரிந்து விழுந்தது. கொல்லையில் சாம்பல் நிறச் சேறு பொங்கிப் பொங்கி வந்தது, அள்ளித் தெருவோரம் குவித்துக் குவித்து என் இடுப்பு போயிற்று. எங்கள் கிறைஸ்ட்சர்ச் நகரம் முழுவதையும் அரசாங்கம் வண்ணம் வண்ணமாகப் பிரித்தது. பச்சை என்றால் அப்படியே இருக்கலாம். சிவப்பு என்றால் வீட்டை அரசாங்கத்திடம் விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டும், இடித்துப் புல் விதைத்துவிடுவார்கள். எங்கள் தெரு ஆரஞ்சு. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திரு என்று அதற்கு அர்த்தம்.

நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு கேரல் என்னைப் பிடிவாதக்காரி என்றாள். சொல்லட்டும். அவள் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, வறுத்த ஆட்டுக்கறியைத் தின்றுவிட்டு, மிச்சத்தையும் கட்டிக்கொண்டு போகிறவர்கள். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை, ஹேமிஷ். பட்டறையில் நிற்க மாட்டேன், சமையல்காரனாகப் போகிறேன் என்று அப்பாவோடு மல்லுக்கட்டி, ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனவன். மீசை முளைத்தும் முளைக்காத வயது. நான் அவனைத் தேடாத இடமில்லை. எங்கே இருக்கிறான், இருக்கிறானா இல்லையா, ஒன்றும் தெரியாது. அவனுக்குத் தெரிந்த முகவரி அந்த வீடு ஒன்றுதான். என்றைக்காவது மனசு இளகி வந்து நின்றால் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டாமா? புல்தரையைப் பார்த்து அம்மா எங்கே என்று கேட்பானா என் பிள்ளை?

டெஸ் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தார். வீடு இம்மிகூட அசையவில்லை, அதற்கு லேத்தே சாட்சி என்பார். லேத்தில் சுழலும் தண்டுக்கு நடுவே ஒரு துளை உண்டு. அதில் சின்ன லேசர் விளக்கைச் செருகினால் ஒளி பட்டறைக் கதவு வழியே கொல்லையைத் தாண்டி வீட்டின் பின்சுவரில் போய் விழும். ரசமட்டம் வைத்து லேத்தை முதன்முதலில் நேராக நிறுத்திய காலத்தில், அந்த ஒளி விழுந்த இடத்தில் கூட்டல் குறி மாதிரி ஒன்றைக் கீறி வைத்திருந்தார். இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் லேசரைப் போட்டுப் பார்ப்பார். புள்ளி குறிமேல் விழுந்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கு.

ஆனால் குறிமேல் விழவில்லை. ரசமட்டம் ஒன்று சொன்னது, புள்ளி இன்னொன்று சொன்னது. மட்டம் பார்த்து லேத்தைச் சரிசெய்தால் புள்ளி குறியை விட்டு விலகியது. லேத்தின் காலுக்கடியில் தகடு செருகிப் புள்ளியைக் குறிக்கு இழுத்து வந்தால் லேத் கோணிக்கொண்டது, கடைகிற உருளை ஒரு முனை பருத்து ஒரு முனை இளைத்து வந்தது. டெஸ் லேசரைத் திட்டினார். அது பழைய பேனா லேசர். கிட்டத்தில் கடுகாக இருக்கும், சுவருக்குப் போய்ச் சேருவதற்குள் கோலிக்குண்டாகிவிடும். அவ்வளவு பெரிய புள்ளியில் நடு எது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது என்றார். அதை நானும் நம்பினேன், நம்பத்தானே எனக்கு ஆசை.

அதற்குப் பிறகு லேசர் தேடும் படலம். என்னைத் தேர்ந்தெடுக்க அந்த மனிதருக்கு ஒரே ஒரு நடனம் போதுமானதாக இருந்தது. இதற்கு வாரக்கணக்காக அலைந்தார். பச்சை ஒளிதான் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும் என்று ஒரு கடைக்காரர் தலையில் கட்டினார். ஜூலைதான் எங்கள் ஊரில் நடுக்குளிர்காலம். அந்தக் குளிரில் அது கண்ணே திறக்கவில்லை, சூடேற்றினால்தான் எரியும். டெஸ் அதை அக்குளில் வைத்துக்கொண்டு கொல்லையில் நடக்க, கேரல் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் காய்ச்சலா என்று விசாரித்தாள். இன்னொன்று சக்தி அதிகமானது. அதை அவரே வேண்டாம் என்று வைத்துவிட்டார். நான் துணி உலர்த்தும் இடம் அது, தப்பித்தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்றார். மூன்றாவதில் முனையில் வளையம் இருந்தது, திருகினால் புள்ளி கூராகும். ஆனால் மரை லொடலொடவென்று இருந்ததால், வளையத்தைத் திருகத் திருகப் புள்ளி குடிகாரன் மாதிரி சுவரெல்லாம் அலைந்தது. அதையும் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் ஒன்று அமைந்தது. சுண்டுவிரல் நீளம், பித்தளை உடம்பு, நெருக்கமான மரை. தண்டில் செருகிக் கையால் சுற்றிப் பார்த்தார், புள்ளி வட்டமடிக்காமல் ஒரே இடத்தில் நின்றது. வளையத்தைத் திருகினார். கொல்லைக்கு அந்தப் பக்கம் சுவரில் ஊசி குத்தின அளவுக்கு ஒரு சிவப்பு. பூகம்பத்துக்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். நாளைக் காலை லேத்தை முறையாக மட்டம் பிடித்துவிட்டுக் குறியைப் பார்க்கிறேன் என்றார். அந்த வாரக் கடைசியில் மண்ணைச் சோதிக்கும் பொறியாளர் எங்கள் தெருவுக்கு வருவதாக இருந்தது. அவரிடம் டெஸ் இதைக் காட்டுவார், வீடு அசையவில்லை என்று நிரூபிப்பார், நான் இருந்துவிடுவேன். இதுதான் என் மனக்கணக்கு.

மறுநாள் காலை முழுக்கப் பட்டறையில் ஸ்பானர் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. நான் டீயும் ஸ்கோன் ரொட்டியும் தட்டில் எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். பக்கத்துச் சுவரில் அந்தச் சிவப்பு ஊசிமுனை தெரிந்தது. நான் பார்க்கப் பார்க்கவே அது ஊதி, பெருத்து, சாஸர் அளவுக்கு மங்கலாகப் பரவிக் குறியை மூடிக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். பட்டறைக்குள் டெஸ் லேத்தின்மேல் குனிந்து நின்றிருந்தார், விரல் வளையத்தில் இருந்தது.

"பாத்தியா நோலீன், குறி மேலயே உக்காந்திருக்கு," என்றார்.

புள்ளி பெரிதாகிறது என்று மூன்று கடை ஏறி இறங்கிய மனிதர். திருகாணி ஒரு நூல் பிசகினாலும் கழற்றிப் போட்டு மறுபடி தொடங்குகிற மனிதர். வேண்டுமென்றே புள்ளியை மங்கலாக்குகிறார். தட்டைப் புல்லில் வைத்துவிட்டு நேரே பட்டறைக்குள் போனேன். கை வைக்க வேண்டாம் என்று தடுத்தார். அவரைத் தள்ளிவிட்டு நானே வளையத்தைத் திருகினேன். சுவரில் அது சுருங்கிச் சுருங்கி மறுபடி ஊசிமுனையானது. திரும்ப நடந்து சுவருக்குப் போய், புள்ளிக்கும் குறிக்கும் நடுவே என் விரலை வைத்துப் பார்த்தேன். புள்ளி மேலே, குறி கீழே. இரண்டு விரல் தாராளமாகப் புகுந்தது.

டெஸ் பின்னாலேயே வந்து நின்றார். லேத் மறுபடி ஏறியிருக்கும், இறங்கியிருக்கும், இன்னொரு தரம் பார் என்று ஏதேதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"லேத் சரளை மேல நிக்குது. அது அசையல. நான் இத்தன நாளும் தப்பாப் பாத்துட்டேன். வீட்ட நம்பி லேத்தக் கோணலாக்கிட்டு இருந்திருக்கேன். வீடுதான் எறங்கிட்டு இருக்கு, நோலீன்."

"இரும்புக்குப் பாதாளம் வரைக்கும் தோண்டுன. எங்களுக்கு நாலு கட்ட போதும்னு விட்டுட்ட."

"ஆமா," என்றார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன், வரவில்லை. அது என்னை இன்னும் எரிச்சலாக்கியது. எதற்கு மறைக்கப் பார்த்தாய் என்று கேட்டேன். பொறியாளர் வரும்வரை இரண்டு நாளாவது நான் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதானாம்.

ஹேமிஷ் வந்தால் என்ன செய்வான் என்று கேட்டேன். நம் தெருவே இருக்காதே, பிள்ளை யாரைப் போய்க் கேட்பான் என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது. டெஸ் பின்கட்டுப் படியில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"இங்க வரமாட்டான் அவன். போற அன்னிக்கு நீ கேரல்கூடக் கடைக்குப் போயிருந்த. பட்டறைக்கு வந்தான். கை குடுக்கத்தான் வந்தான், நோலீன். நான் கை குடுக்கல. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்தப் படிய மிதிக்காதேன்னுட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சரிப்பான்னான்."

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. அவர் தோளில், நெஞ்சில், கை போன இடத்தில் எல்லாம் அடித்தேன். அவர் அசையாமல் வாங்கிக்கொண்டார். வேலிக்கு மேல் கேரலின் தலை தெரிந்தது, உடனே இறங்கிக்கொண்டது. அவன் கோபித்துக்கொண்டு போனான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கோபம் என்றால் என்றைக்காவது தணியும், அதற்காகத்தான் காத்திருந்தேன். என் பிள்ளை கோபத்தில் வராமல் இருக்கவில்லை, அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். சின்ன வயதிலும் அப்படித்தான், ஒன்றைச் செய்யாதே என்றால் செய்ய மாட்டான்.

பொறியாளர் வந்தபோது டெஸ் தானே எல்லாவற்றையும் காட்டிச் சொல்லிவிட்டார். நான் உள்ளேயே இருந்தேன். எங்கள் தெரு சிவப்பாயிற்று. ஊருக்கு வெளியே ரோல்ஸ்டனில் புது வீடு பார்த்துப் போனோம். லேத்தை ஒரு பண்ணைக்காரர் வாங்கிப் போனார், வண்டியில் ஏற்றும்போது டெஸ் வெளியே வரவில்லை. வீட்டை இடித்த அன்றைக்கு நான் போகவில்லை. வசந்தம் முடியும்வரை அவரோடு சாப்பாடு, தண்ணீர் தவிர வேறு பேச்சில்லை. அதற்குப் பிறகு பேசினேன், ஆனால் மன்னித்துவிட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்து நுரையீரலில் நோய் வந்து டெஸ் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்குவதற்கு நடுவே ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பேப்பர்ல பெருசாப் போடு. ஆஸ்திரேலியாப் பேப்பர்லயும் போடு. நான் செத்துட்டேன்னு அவனுக்குத் தெரியணும்."

போடுகிறேன் என்றேன். என் வாயில் வந்தது அவ்வளவுதான். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார்.

போட்டேன். சிட்னி, பிரிஸ்பேன், பெர்த், எந்த ஊரையும் விடவில்லை. பெயர், வயது, ஹேமிஷின் அப்பா என்று போட்டு, அதற்குக் கீழே ரோல்ஸ்டன் வீட்டின் எண்ணையும் தெருவையும் போடச் சொன்னேன். மரண அறிவிப்பில் வீட்டு முகவரி போடும் வழக்கம் இல்லையே என்று போனில் அந்தப் பெண் தயங்கினாள். இருந்தாலும் போடு அம்மா, என் பிள்ளை இனிமேல் வரலாம் என்றேன்.