போட்டோவுக்காக வற்றிய நெறிக்கட்டி

கூடுவாஞ்சேரி கோதண்டராமனுக்குக் கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு நெறிக்கட்டி வந்ததும் தெரு முழுக்க டாக்டர்கள் முளைத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் தைராய்டு என்றார். பால்காரர் உடம்புச் சூடு என்றார். மகள் பிரதீபா யார் பேச்சையும் கேட்காமல் அவரைச் செங்கல்பட்டுக்கு இழுத்துப்போனாள். அங்கே நிஜமாகவே டாக்டருக்குப் படித்த பிரிசில்லா, ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார்.

"டி-செல்னு ரத்தத்துல ஒரு வெள்ளையணு. அதுல வர்ற அபூர்வமான புற்றுநோயோன்னு சந்தேகமா இருக்கு. ரொம்ப வேகமாப் பரவும். திங்கட்கிழமை கட்டியை எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம். அதுவரைக்கும் வெளியில எந்த ஊசியும் போட்டுக்காதீங்க."

கோதண்டராமன் விரல்விட்டுத் திங்கட்கிழமைக்கு நாள் எண்ணினார். ஆனால் உயிரைவிட அவசரமான சங்கதி ஞாயிற்றுக்கிழமை இருந்தது: மகாபலிபுரத்து ரிசார்ட்டில் பிரதீபாவுக்கு நிச்சயதார்த்தம். அணுபுரத்து மாப்பிள்ளை வீட்டார் இந்தக் கழுத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

மைத்துனர் குமாருக்கு ஊரப்பாக்கத்தில் மருந்துக்கடை. பதினைந்து வருஷம் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்ததில், தானும் பாதி டாக்டர் என்று அவருக்கு நினைப்பு.

"இன்னா மாமா, இதுக்குப் போயி பேஜாராயிக்கினு! நாலு நாளைக்கு நாலு ஊசி. கட்டி இருந்த எடம் தெரியாது."

பிரதீபாவிடம் இருவரும் மூச்சு விடவில்லை. நாலாவது ஊசியில் கட்டி வற்றியது; குமார் சொன்ன சொல் தவறவில்லை. ஞாயிறன்று கோதண்டராமன் கடலோரம் நின்று, தேவையே இல்லாமல் கழுத்தை நீட்டி நீட்டி நாற்பது போட்டோ எடுத்துக்கொண்டார்.

திங்களன்று பிரிசில்லா விரலால் தேடித் தேடிப் பார்த்தார். "ஊசி ஏதாவது போட்டீங்களா?"

பின்னால் குமார் தொண்டையைச் செருமினார்.

"இல்லீங்க மேடம்" என்றார் கோதண்டராமன்.

மிச்சமிருந்த துணுக்கை எடுத்து அனுப்பினார்கள். உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை என்று ரிசல்ட் வந்தது. குமார் அதை "ஒண்ணியும் இல்ல" என்று மொழிபெயர்த்தார். மனைவி ரேணுகா அந்தத் தாளைச் சாமி படத்துக்கு முன் வைத்துக் கற்பூரம் காட்டினாள்.

ஐந்தாவது வாரம் கட்டி திரும்பி வந்தது, துணைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு. மறுபடி எடுத்துப் பார்த்ததில் டி-செல் புற்றுநோயேதான். கோதண்டராமன் அப்போதுதான் ஊசி விஷயத்தைக் கக்கினார்.

"அது ஸ்டீராய்டு ஊசி. கட்டியை வத்த வெச்சு, டெஸ்ட்லயும் தெரியாம நோயைக் கொஞ்ச நாள் மறைச்சிடும்" என்றார் பிரிசில்லா. "இந்த நோய்க்கு அஞ்சு வாரம் ரொம்பப் பெருசுங்க."

வெளியே வந்து கோதண்டராமன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மாப்ள வூட்ல தெரிஞ்சிடப் போவுதேன்னு பயந்துட்டேம்மா."

"அவருக்குத் தெரியும்பா" என்றாள் பிரதீபா. "இந்த டாக்டராண்ட காட்டச் சொன்னதே அவருதான். உங்கப்பா கூச்சப்படுவாரு, நான் சொன்னேன்னு சொல்லாதன்னாரு."